ரெண்டு பல்லுக்காரன்

இல்ல டாக்டரம்மா, தரையில உக்காராதீக, செத்த இருங்க, பாய் போடுறேன். பல்லாஸ்பத்திரியில இருந்து இந்த பேகம்பூர் சந்துக்குள்ள வீடு தேடி வந்திருக்கீகளே. ஆராய்ச்சிக்கு ரத்தம் எடுக்கவா? பெரிய டாக்டரு மறக்காம அனுப்பியிருக்காரு பாருங்க.

ஆமா, நர்கீஸ் நாந்தான், வாஜித்தோட அம்மா. ஆறு வயசுல மொத்தமே ரெண்டு பல்லு அவனுக்கு, அதுவும் ஊசியாட்டம். அவுக அத்தா பிரியாணிக் கடை மாஸ்டரு. ஊருக்கே கறி வேக வைக்கிற மனுசன், பெத்த மகன் ஒரு துண்டு கடிச்சுப் பார்த்ததில்ல. எல்லாம் மசிச்சுத்தான் ஊட்டுவேன்.

பெரிய டாக்டருதான் படம் எடுத்துப் பார்த்துட்டு, ஈறுக்குள்ளயும் பல்லு இல்லம்மா, ஜீன்லயே கோளாறு, அம்மா வழியா வர்றதுன்னாரு. அந்த ஜீனையே வெட்டித் திருத்தப் பார்க்குறாகளாம், இப்பதைக்கு எலிக்குத்தான், மனுசருக்கு வர நாளாகும்னாரு. வரும்னாருல்ல, எனக்கு அது போதும். டவுன் பஸ்ஸுல வீடு வர்ற வரைக்கும் அவன் வாயத் தொறக்கச் சொல்லிப் பார்த்துக்கிட்டே வந்தேன். அவனும் தெருவெல்லாம் எலிக்கு முடிஞ்சதும் எனக்குத்தான்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சான்.

வேர்வை பத்திச் சொன்னாரான்னா கேக்குறீக? சொன்னாரும்மா. அவரைக் குத்தம் சொல்ல மாட்டேன். இவனுக்கு வேர்க்காது, உடம்பு சூடாக விடாதீக, ஈரத்துணி போடுங்கன்னு சொன்னாரு. என் காதுல பல்லு மட்டுந்தான் விழுந்துச்சு.

எடுத்துக்கங்க, இந்தக் கையில நரம்பு நல்லாத் தெரியும். அவன் ரத்தமா?

அவன் இல்ல டாக்டரம்மா. சித்திரையில காய்ச்சல் வந்துச்சு. எங்க வீட்ல காய்ச்சல்னா கசாயத்தக் குடுத்து, கம்பளியப் போத்தி விட்டுருவோம். வேர்த்துக் கொட்டுனா இறங்கிரும்ல. எரியுதும்மான்னு கம்பளிய எத்தி எத்தி விட்டான். இந்தா வேர்த்துரும், இந்தா வேர்த்துரும்னு நான் மேல கையப் போட்டு அமுக்கிக்கிட்டே படுத்திருந்தேன்.

காய்ச்சல்ல போயிட்டான்னுதான் எல்லாரும் பேசிக்கிறாக. என் கூடப்பொறந்த சபிஹாவும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டிருக்கா. அவளுக்கு இது எட்டாம் மாசம். அவ பேரையும் எழுதிக்கங்கம்மா, அடுத்த தெருதான். பொறக்குற பிள்ளைக்கும் இப்படி இருந்தா, காய்ச்சல்ல போத்த வேணாம்னு நீங்களே சொல்லிருங்க. எனக்கு வாய் வர மாட்டேங்குது.