மஞ்சள் கயிறோடு வந்த பாலிஷ்காரன்

திருமங்கலத்திலிருந்து மாட்டுத்தாவணி போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் இருந்த பெண் மடியில் ஒரு டிபன் பாக்ஸை இறுக்கிப் பிடித்தபடி பக்கத்திலிருந்த அக்காவிடம் சொன்னார்:

"தாலிச் செயினக் கழட்ட மாட்டேன்னுதான்க்கா சொன்னேன். அதுக்கு மஞ்சக் கயிறும் அவனே கொண்டாந்திருந்தான். அம்புட்டு பொறுப்பான பையன்."

"வீடு வீடா நகைக்குப் பாலிஷ் போட வாரவன் பையில மஞ்சக் கயிறு எதுக்குடி?"

அந்தப் பெண் டிபன் பாக்ஸை இன்னும் இறுக்கிக்கொண்டார். "செயின மஞ்சத் தண்ணியில போட்டு, கொதிக்க வச்சு, இந்த டிபன் பாக்ஸுல ஊத்தி மூடிக் குடுத்தான்க்கா. ஆறுற வரைக்கும் தெறக்கக் கூடாதாம்" என்றார்.

"அது ஆறி ஐஸாக் கெடக்கு. தெற."

"மாட்டேன்."

பசுமலையில் இறங்க வேண்டிய நான் இறங்கவில்லை. இப்படிப் பேச்சைக் கேட்டு ஸ்டாப்பை விட்டுவிட்டுத் திரும்பி நடப்பதுதான் இந்த வயதில் என் உடற்பயிற்சி.

"சரி, லேசா ஆட்டியாவது பாரு."

ஆட்டினார். உள்ளே ஏதோ கடகடவென்று உருண்டது.

"செயின் உருளாதுடி."

"சும்மா வாங்கக்கா. நான் தெறந்தா நான் தொலைச்சதா ஆயிரும். எங்க வீட்டுக்காரரு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுலதான இருக்காரு, அவரே தெறக்கட்டும்."