முப்பத்தைந்தாம் புள்ளி

அதிகாலை இரண்டு நாற்பது. பொந்தியானிலிருந்து சிம்பாங் ரெங்கம் போகிற சாலை. இரண்டு பக்கமும் செம்பனை... நடுவில் ஒரே ஒரு கார். விளக்குக் கம்பம்கூடக் கிடையாது.

காரை ஓட்டியவர் கமலநாதன். நம் ரூபேந்திரனுடைய அக்காள் கணவர். வீடு யோங் பெங்கில். ரூபேந்திரன் இன்றைக்கு வரவில்லை, அதனால் சொல்கிறேன். அவன் இருந்தால் என் வாயைப் பொத்திவிடுவான். சிரிக்காதீர்கள். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். நான் சத்தமாகச் சொல்லப்போவதில்லை.

கமலநாதனுக்கு வேலை பொந்தியான் பக்கம், கடலை ஒட்டிய ஓர் எரிவாயு முனையத்தில். பேர் வேண்டாம். கப்பலில் திரவமாக வருவதை இறக்கி, திரும்ப வாயுவாக்கிக் குழாயில் அனுப்புகிற இடம். அங்கே குழாய்கள் எல்லாம் போர்த்தித்தான் இருக்கும். உள்ளே இரும்பு, அதன்மேல் நுரைப்பஞ்சு, அதற்கும்மேல் பளபளவென்று தகரம். கப்பல் வருகிற நாளில் குழாய் சில்லிட்டுப் போகும், மற்ற நாளில் வியர்க்கும். அந்த ஈரம் தகரத்துக்குள்ளேயே தங்கி இரும்பைத் தின்னும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. குழாய் கல்யாண மாப்பிள்ளை மாதிரி மினுமினுக்கும்.

அதனால்தான் விதி. ஆண்டுக்கு ஒருமுறை, எண் எழுதிக் குறித்து வைத்த ஒவ்வொரு புள்ளியிலும் தகரத்தைக் கழற்ற வேண்டும். பஞ்சை எடுக்க வேண்டும். இரும்பின் தடிமனை மீட்டர் வைத்து அளந்து எழுத வேண்டும். திருகாணியைக் கழற்றுவது அவருடைய உதவியாள் மகேஸ்வரன். அளந்து கையெழுத்துப் போடுவது கமலநாதன்.

அந்த ஆண்டு கடைசி நாளில் பதினேழு புள்ளிகள் பாக்கி. முப்பத்தொன்றிலிருந்து நாற்பத்தேழு வரை. சாயங்காலம், கொட்டுகிற மழை. கமலநாதன் வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டார். போன ஆண்டு எண்களை மடியில் வைத்தார். ஒவ்வொன்றிலும் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு குறைத்து எழுதினார். அப்படியே எழுதினால் சந்தேகம் வரும் அல்லவா? கொஞ்சம் தேய்ந்ததுபோல் இருந்தால் யாரும் கேட்கமாட்டார்கள். மனிதர் கெட்டிக்காரர்.

மகேஸ்வரன் நனைந்துகொண்டே வந்து கண்ணாடியைத் தட்டினான்.

"அண்ணே, முப்பத்தஞ்சுல தகரத்துக்கு அடியில தண்ணி சொட்டுது. ஒரு தடவ தொறந்து பாத்துடலாம்ணே."

"அலமாக், மழையில தண்ணி சொட்டாம பாலா சொட்டும்? ஏறு லா, போலாம்."

அவன் ஏறிக்கொண்டான். அவ்வளவுதான்.

மூன்று மாதம் கழித்து அதே முப்பத்தைந்துக்குக் கீழே, கிழிந்த தகரத்தை மாற்றப் பள்ளத்துக்குள் இறங்கியிருந்தான் மகேஸ்வரன். குழாயில் விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை விழுந்தது. வெடிக்கவில்லை, தீப்பிடிக்கவில்லை. புஸ்ஸென்று ஒரு சத்தம்... வெள்ளைப் பனி. நம் அடுப்பு வாயுவுக்கு நாற்றம் உண்டு, அது பின்னால் கலப்பது. அந்த வாயுவுக்கு ஒரு வாடையும் கிடையாது. பள்ளத்தில் இருந்த காற்றை எல்லாம் அது தள்ளிவிட்டது. ஆள் கன்னத்தைத் தரையில் வைத்துப் படுத்திருந்தான், தூங்குகிறவன் மாதிரி.

விசாரணை வந்தது. காகிதத்தில் இரும்பு நல்ல தடிமன். அப்படியானால் ஓட்டை எப்படி வந்தது? மகேஸ்வரன்தான் கவனமில்லாமல் துளை போடும் மெஷினால் குத்தியிருக்க வேண்டும் என்று எழுதினார்கள்.

"முப்பத்தஞ்ச நீங்கதான அளந்தீங்க?" என்று கமலநாதனிடம் கேட்டார்கள்.

"ஆமா."

ஒரே வார்த்தை. செத்தவன் தலையில் பழி விழுந்தது. குழாயை ஒட்டுப்போட்டு மறுபடி ஓட்டினார்கள். கமலநாதனுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. வேறு யாரும் அவரைக் குறை சொல்லவில்லை, அதுதான் அவரை அதிகமாக அரித்தது.

எட்டு மாதம் போனது. இப்போது சாலைக்கு வாருங்கள். வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறார். இரண்டு நாற்பது.

வழியில் ஒரு வளைவில் பனையெண்ணெய் ஆலை உண்டு. கண்ணாடியை முழுக்க ஏற்றினாலும் நாற்றம் உள்ளே வந்துவிடும். அன்றைக்கு ஆலைப் புகை கண்ணுக்குத் தெரிகிறது... மூக்குக்கு ஒன்றும் இல்லை. கமலநாதன் தன் சட்டையை இழுத்து முகர்ந்தார். எட்டு மணி நேரம் வேர்த்த சட்டை. அதிலும் வாடை இல்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம்.

டிர்ர்ர்... டிக். டிர்ர்ர்... டிக்.

திருகாணி கழன்று தகரத்தில் விழுகிற சத்தம். இருபது வருஷம் கேட்ட காது, தப்பாகக் கேட்காது. கார் விளக்கு வெளிச்சத்தில் சாலையோரமாக ஒரு குழாய் வந்தது. செம்பனைகளுக்கு நடுவே, இடுப்பு உயரத்தில், பளபளவென்று. அந்தச் சாலையில் குழாயே கிடையாது. அவர் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது.

இறங்கினார். ஏன் இறங்கினார் என்று கேட்காதீர்கள், அவருக்கே தெரியாது. முப்பத்தொன்று... தகரம் திறந்திருந்தது. பஞ்சு புல்மேல் ஒழுங்காக அடுக்கியிருந்தது. மகேஸ்வரன் அடுக்குகிற மாதிரியே. முப்பத்திரண்டு திறந்திருந்தது. முப்பத்துமூன்று, முப்பத்துநான்கு, எல்லாம் திறந்திருந்தது. முப்பத்தைந்து மட்டும் மூடியிருந்தது. கமலநாதன் முகத்தைத் திருப்பிக்கொண்டு அதைத் தாண்டினார்.

நாற்பத்தொன்றில் ஓர் ஆள் குந்தியிருந்தான். வெள்ளைத் தொப்பி. முதுகுதான் தெரிந்தது.

"தொறந்துட்டேண்ணே," என்றான். "வந்து கேளுங்க."

பாருங்க என்று சொல்லவில்லை. கேளுங்க என்றான்.

கமலநாதன் குனிந்தார். இரும்பு ஊறின பிஸ்கட் மாதிரி உதிர்ந்துகொண்டிருந்தது. காதை வைத்தார். உள்ளே யாரோ மூச்சுக்குத் திணறுகிறார்கள். இழுக்கிறார்கள்... கிடைக்கவில்லை. மறுபடி இழுக்கிறார்கள். நடுவில் ஓர் இருமல். அந்த இருமல் அவருக்குத் தெரியும். போன மாதம்தான் அதே முனையத்தில் வேலைக்குச் சேர்ந்த மைத்துனன் ரூபேந்திரனுடைய இருமல்.

நிமிர்ந்தபோது குழாய் இல்லை. செம்பனை மட்டும். ஆலை நாற்றம் குப்பென்று அடித்தது.

முனையத்துக்குப் போன் போட்டார். "லைன நிப்பாட்டுங்க. முப்பத்தொண்ணுலேருந்து நாப்பத்தேழு வரைக்கும் நான் அளக்கவே இல்ல. சும்மா எழுதுனேன். இப்பவே நிப்பாட்டுங்க!"

நிறுத்தினார்கள். விடிந்ததும் திறந்து பார்த்தார்கள். நாற்பத்தொன்றில் இரும்பு காகிதம் மாதிரி மிஞ்சியிருந்தது. அன்று காலை எட்டு மணிக்கு அதன் கீழே வேலை செய்யப் பெர்மிட் எழுதி வைத்திருந்தது ரூபேந்திரனுக்கு. நம் ரூபேந்திரனுக்குத்தான். அவன் இன்னமும் நம்மோடு தேத்தண்ணி குடிக்க வருகிறான் என்றால் அந்தப் போனால்தான்.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் சொல்லியிருக்கவே மாட்டேன்.

மேலதிகாரிகள் கமலநாதனை உட்கார வைத்துக் கேட்டார்கள். "அப்ப முப்பத்தஞ்சு?"

அவர் மனதுக்குள் கணக்குப் போட்டார். மற்றப் பதினாறுக்கு வேலை போகும். அந்த ஒன்றுக்கு ஓர் உயிர், கோர்ட்டு, ஜெயில்.

"பதட்டத்துல எல்லாத்தையும் சேத்துச் சொல்லிட்டேன். முப்பத்தஞ்ச மட்டும் அளந்தேன்," என்றார்.

வேலை போனது. லைசென்ஸ் போனது. பழி மட்டும் மகேஸ்வரன் தலையிலேயே நின்றது. ஆனால் சாலையில் அந்தச் சத்தம் பிறகு வரவில்லை. உயிர்களைக் காப்பாற்றியாயிற்று, அவன் சமாதானமாகிவிட்டான் என்று கமலநாதன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தூக்கம்தான் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு, மைலோ பாக்கெட்டும் பிஸ்கட் டின்னும் வாங்கிக்கொண்டு மகேஸ்வரன் மனைவி கஸ்தூரியைப் பார்க்கப் போனார். பொந்தியானில் நாலாவது மாடி, அடுக்குமாடி வீடு. எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும் என்றுதான் படியேறினார். நாலு மாடி ஏறுவதற்குள் பாதி தைரியம் கழன்றுவிட்டது.

கஸ்தூரி நாற்காலி போட்டாள். வாசலுக்கு முதுகைக் காட்டி அவர் உட்கார்ந்தார். அவள் எதிரே நின்றாள். பதினாறு புள்ளிகளைப் பற்றிச் சொன்னார். அழுதார், மன்னிப்புக் கேட்டார்.

"அவரு நின்ன எடம், அண்ணே?" என்று கேட்டாள். "எங்க மாமியாரு இன்னும் சொல்லிச் சொல்லி அழுவுறாங்க, எம்புள்ள பொறுப்பில்லாம வேல செஞ்சு செத்தான்னு. அந்த எடத்த அளந்தீங்களா?"

கமலநாதனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

"அத... அளந்தேம்மா," என்றார்.

கஸ்தூரி அவரைப் பார்க்கவில்லை. அவர் தோளுக்கு மேலே வாசலைப் பார்த்தாள். கோபமே இல்லை அவள் முகத்தில். வெயிலில் நிற்கிற ஆளைப் பார்க்கிற கவலைதான் இருந்தது.

"நேத்துலேருந்து அங்கேயே நிக்கிறாரு, அண்ணே," என்றாள். "உள்ள வாங்கன்னு கூப்புட்டேன். அண்ணன் வந்து சொல்லி முடிக்கட்டும், அப்புறம் வர்றேங்கிறாரு."

கமலநாதன் திரும்பவில்லை. அந்த வீட்டுக்கு வாசல் ஒன்றுதான்.