குட்டு மாவு

ஜப்பான்காரர்கள் நூடுல்ஸைச் சத்தம் போட்டுத்தான் உறிஞ்சுவார்கள். சத்தம் வராவிட்டால் சமைத்தவருக்கு மனசு கஷ்டமாகிவிடும். என் வேனில் ஏறுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ரசத்தை உறிஞ்சினாலே முதுகில் ஒன்று வைக்கிற அம்மாக்களிடம் வளர்ந்த நம் ஆட்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு வந்துவிட்டால் அன்றைய பொழுது என் கையில்.

நீங்கள் என்னைக் கூப்பிட்டு அனுப்பவில்லை சார், நானாகத்தான் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறேன். அதனால் நிதானமாகவே சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் தறி ஓடுகிறது. அண்ணன் நெய்கிறார். எனக்குக் கை ஓடவில்லை, வாய்தான் ஓடியது. பட்டுக்கடைகளில் வடக்கத்தியருக்குப் புடவை விரித்துக் காட்டியே இந்தி படித்தேன். பிறகு சொந்தமாக வேன் வைத்து, வெளியூர்க்காரர்களைக் காலையில் கோயிலுக்கும் மத்தியானம் புடவைக்கும் சாயங்காலம் ஜப்பான் சாப்பாட்டுக்கும் கூட்டிப்போக ஆரம்பித்தேன்.

காஞ்சிபுரத்தில் ஏதய்யா ஜப்பான் சாப்பாடு என்று கேட்பீர்கள். ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு வந்த ஜப்பான் எஞ்சினியர்கள் தங்கிய விடுதியில் கிரேஸ் சமையல் உதவிக்கு இருந்தாள். விடுதியை மூடியதும் செவிலிமேட்டில் தன் வீட்டு முன்னறையில் நான்கு மேசை போட்டாள். அவளைக் கண்டுபிடித்து நாலு பேருக்குத் தெரிய வைத்தது நான். எங்கள் தெருவில் வேறு யாராவது அவள் வீட்டு வாசல்படி ஏறியிருப்பார்களா? நான் ஏறினேன். தண்ணீர்கூடக் குடித்தேன். பாட்டில் தண்ணீர்தான், ஆனாலும் அவள் கையால் வாங்கித்தான் குடித்தேன். சாதி பார்க்கிறவன் செய்கிற காரியமா இது?

முறை என்று ஒன்று இருந்தது. மேசைத் தலைமாட்டு நாற்காலியில் நான் உட்கார்ந்து ஒவ்வொரு பதார்த்தத்தையும் விளக்குவேன். அவள் பரிமாறுவாள், கிண்ணங்களை எடுப்பாள். ஆடி மாதம் கோயம்புத்தூரிலிருந்து ஒரு கூட்டம் வந்தது. அதில் ஒரு பெண், "சமைச்சவங்க நீங்க நிக்கறீங்க, அவரு உக்காந்திருக்காரே? நீங்க வந்து சொல்லுங்க மேடம்," என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள். நான் எழுந்தேன். கிரேஸ் உட்கார்ந்தாள்.

நன்றாகவே பேசினாள். நடுவில் திரும்பி, "அண்ணா, அந்தக் கிண்ணமெல்லாம் கொஞ்சம் எடுத்துருங்கண்ணா, நான் சொல்லிக்கினு இருக்கேன் இல்ல," என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

எடுத்தேன். அடியில் மிச்சச் சாறு, அதில் யாரோ கடித்துத் துப்பிய வெங்காயத்தாள். ஊரார் எச்சில். என் அப்பா சாப்பிட்ட தட்டைத் தானே எடுத்தவரில்லை. கிரேஸின் அம்மா எங்கள் தெருவுக்கு எந்தச் சந்து வழியாக வந்துபோனாள் என்பது இந்த ஊர்க்காரரான உங்களுக்குத் தெரியாததில்லை. அன்று வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் கை கழுவினேன். கோபமெல்லாம் இல்லை. அதற்கப்புறம் வந்த கூட்டங்களும் அவளையே உட்காரச் சொன்னபோதும் கோபப்படவில்லை.

இந்தூரிலிருந்து அந்தத் தம்பதி வந்தது ஐப்பசியில். மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வந்தவர்கள். இந்தி தவிர வேறு பாஷை தெரியாது. வேனில் போகும்போது அந்த அம்மாள் என்னிடம், "எனக்குக் குட்டு மட்டும் ஆகாது தம்பி. விரத நாளில் எங்கள் ஊரில் எல்லோரும் குட்டு மாவில் ரொட்டி சுடுவார்கள். என் வாயில் ஒரு துணுக்குப் பட்டாலும் தொண்டை அடைத்துவிடும்," என்றார். கைப்பையைத் தட்டி, மாத்திரை எப்போதும் கூடவே இருக்கும் என்றார். மரியாதையான அம்மாள்.

குட்டு என்பது ஒரு செடியின் விதை. அதை அரைத்துத்தான் ஜப்பான்காரர்கள் சோபா என்கிற கறுத்த நூடுல்ஸ் செய்கிறார்கள். உடோன் என்கிற வெள்ளை நூடுல்ஸ் நம் கோதுமை மாவு. கிரேஸ் வீட்டில் இரண்டு மாவும் இருக்கும்.

செவிலிமேட்டில் இறங்கும்போது பைகளை வேனிலேயே வைக்கச் சொன்னேன். சின்ன அறை, எல்லோரிடமும் அப்படித்தான் சொல்வேன். உள்ளே போனதும் அந்த அம்மாள் கிரேஸிடமும் கையை ஆட்டி, "குட்டு நஹீ, குட்டு நஹீ," என்றார்.

கிரேஸ் சிரித்துவிட்டாள். "குட்டா? நான் யார் தலையில குட்டப்போறேன்? இன்னாண்ணா சொல்றாங்க?"

"இந்தியில குட்டுன்னா கோதுமைம்மா. அவங்களுக்குக் கோதுமை ஆகாதாம்," என்றேன்.

அவள் முகம் உடனே மாறிவிட்டது. "ஐயோ, நல்லவேளை கேட்டேன். அப்ப உடோன் வேணாம்ணா. சோபாவுக்குக்கூட ஒட்டறதுக்குக் கொஞ்சம் கோதுமை சேர்ப்பேன், இவங்களுக்கு அதுவும் வேணாம். தனியா பெசையறேன். ஒடியும், ஒடிஞ்சா ஒடியட்டும்பா." சோயா சாஸிலும் கோதுமை இருக்கிறது என்று அதையும் ஒதுக்கி, உப்பு மட்டும் போட்டு வேறு சாறு வைத்தாள். பாத்திரங்களை இரண்டு தரம் கழுவினாள். அவ்வளவு அக்கறை. அந்த அக்கறையை நம்பித்தான் சொன்னேன்.

கிண்ணம் வந்தபோது, ஏன் கறுப்பாக இருக்கிறது என்று அந்த அம்மாள் என்னைக் கேட்டார். கறுப்பரிசி என்றேன். சத்தமாக உறிஞ்ச வேண்டும் என்று நினைவுபடுத்தினேன். உறிஞ்சினார். கணவரைப் பார்த்து வெட்கப்பட்டுச் சிரித்தார்.

பிறகு கழுத்தைப் பிடித்துக்கொண்டார். உதடு தடித்தது. பை, பை என்று கணவர் கத்தினார். வேன் சாவி என் வலது பாக்கெட்டில் இருந்தது. இடது பாக்கெட்டில் தேடினேன். மாத்திரை வந்தபோது அந்த அம்மாளால் விழுங்க முடியவில்லை. ஆஸ்பத்திரிக்கு வேனை நான்தான் ஓட்டினேன். வழியில் சிவப்பு விளக்கு எரிந்தது. நின்றேன்.

கொஞ்சம் வாந்தி எடுப்பார், கடைக்குக் கெட்ட பெயர் வரும், அவ்வளவுதான் நினைத்தேன் என்று சொன்னால் நீங்கள் நம்பக்கூடும். ஆனால் தொண்டை அடைக்கும் என்று எனக்கு அவரே சொல்லியிருந்தார். வாந்திக்கு யார் கடையை மூடுவார்கள்?

நினைத்தபடியே கடைக்குச் சீல் வைத்தீர்கள். கிரேஸை இங்கே உட்கார வைத்தீர்கள். நான் வீட்டில் நிம்மதியாகத்தான் இருந்தேன். செய்தித்தாள் வந்த பிறகுதான் சங்கடம். அவள் படம் பெரிதாக, பெயர் கொட்டை எழுத்தில். என்னை 'உடன் வந்த வழிகாட்டி' என்று போட்டிருந்தார்கள். பெயர்கூட இல்லை. அவள் உங்களிடம், "அண்ணன் சரியாத்தான் சொல்லியிருப்பாரு, நான்தான் தப்பாக் காதுல வாங்கிக்கினேன்," என்று அழுததாக ஏட்டையா சொன்னார். என்னைக் காப்பாற்றுகிறாளாம். எனக்கு அவள் தயவு எதற்கு?

யோசித்தது நான். அந்த ஒரு வார்த்தையை மாற்றியது நான். அவள் நான் சொன்னதைக் கேட்டு மாவு பிசைந்தவள், அவ்வளவுதான். இதிலும் தலைமாட்டு நாற்காலியில் அவளை உட்கார வைத்தால் எப்படி? அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அந்த அம்மாளைக் கொன்றவன் சிவபாலன். அப்படியே என் பெயரைப் போட்டு எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

கிரேஸ் மேல் எனக்கு விரோதம் எதுவும் கிடையாது. இன்னும் ஒன்று இருக்கிறது, அதையும் விட்டுவிடாமல் எழுதிக்கொள்ளுங்கள். அந்த அம்மாள் சாப்பிட்ட கிண்ணத்தை நான் தொடவில்லை. கிரேஸ்தான் எடுத்தாள்.