ஆள் மாற்றும் சீட்டைத் திரும்ப வாங்கச் சொன்னது யார்

பெயர், தகப்பனார் பெயர், வீட்டு விலாசம் மூன்றையும் முன்தாளில் என் கையாலேயே எழுதிக் கொடுத்திருக்கிறேன். வயது ஐம்பத்தேழு. தொழில், குழாய், வாஷ்பேசின் முதலான குளியலறைச் சாமான்கள் மொத்த வியாபாரம். பதினாறு வயதில் ஒரு கடையில் அட்டைப்பெட்டி பிரிக்கும் வேலைக்குச் சேர்ந்தேன், இப்போது நான்கு கடைகளும் ஒரு கிடங்கும் இருக்கின்றன. அவை போக, ஒன்பது வருடங்களாக இந்த ஊர்க் கால்பந்து அணியின் முதலாளியாகவும் இருந்து வருகிறேன். ஆட்டம் பார்க்க வருகிறவர்கள், அணி ஜெயித்தால் என்னைப் பைப் அண்ணன் என்பார்கள், தோற்றால் வெறும் பைப். யாருடைய தூண்டுதலும் இல்லாமல் இந்த வாக்குமூலத்தைக் கொடுக்கிறேன். போகவேண்டாம் என்று சொன்ன வக்கீலுக்குத் தெரியாமல் வந்திருக்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது என்பதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன். அதிகாரி அது தேவையில்லை என்றார். தேவை என்றேன்.

தற்போது காவலில் இருக்கும் பயிற்சியாளரை நாங்கள் எல்லோரும் மாஸ்டர் என்போம். ஆறு வருடங்களாக எங்கள் அணியில் இருக்கிறார். இந்த ஆட்டப் பருவத்தின் நடுவில் தொடர்ந்து ஏழு ஆட்டங்கள் தோற்றோம். அப்போது இருநூறு பேர் போல என் பெரிய கடை வாசலில் கூடி, மாஸ்டரை அனுப்பு என்று ஷட்டரைப் பிடித்து ஆட்டினார்கள். ஒரு கல் வந்து காட்சிக்கு வைத்திருந்த வாஷ்பேசினை இரண்டாகப் பிளந்தது. நான் மேசைக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்திருந்தேன். அணியின் செயலாளராக இருக்கும் என் மூத்த மாப்பிள்ளை, "மாமா, ஒருத்தருக்காக எதுக்கு நாம அடி வாங்கணும், அனுப்பிவிடுங்க" என்றார். நான் அனுப்பவில்லை. விசுவாசத்துக்கு இப்படி ஒரு முதலாளி என்று பத்திரிகையில் போட்டார்கள், அதை வெட்டிக் கல்லாவுக்கு மேலே ஒட்டினேன். இங்கே உள்ளதைச் சொல்லவேண்டும். மந்தமான காலத்தில் நாம் கைவிடாத ஆள், நல்ல காலத்தில் நமக்கு இல்லை என்று சொல்லமாட்டான். முப்பது வருட வியாபாரத்தில் நான் கற்றது அது. மாஸ்டர் விஷயத்திலும் அந்தக் கணக்கு என் மனதில் இருந்தது.

சம்பவம் நடந்தது சென்ற சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணி ஆட்டத்தில். பருவத்தின் கடைசி ஆட்டம். ஜெயித்தால் இதே பிரிவில் இருப்போம், சமன் ஆனால்கூடக் கீழ்ப்பிரிவுக்கு இறங்கிவிடுவோம். நாற்பதாவது நிமிடம் நாங்கள் ஒரு கோல் போட்டு முன்னால் இருந்தோம். அதன் பிறகு அறுபத்தோராவது நிமிடம் எதிரணியின் கார்னர் பந்துக்கு எங்கள் நடுத் தடுப்பாட்டக்காரர் எகிறியபோது, எங்கள் கோல்கீப்பரின் முழங்காலே அவர் தலையின் இடது பக்கம் மோதிவிட்டது. அந்தத் தடுப்பாட்டக்காரரைத் தாண்டி எவனும் போகமுடியாது என்பதால் அவருக்குப் பூட்டு என்று பெயர். வயது முப்பத்தொன்று. விழுந்தவர் ஒரு நிமிடத்துக்குமேல் அசையவில்லை. அணியில் காயம் பார்க்கும் பிசியோ அம்மா ஓடிப்போய் அவர் கண்ணைப் பார்த்து ஏதோ கேட்டுவிட்டு, பெஞ்சைப் பார்த்து இரண்டு கைகளையும் ஒன்றையொன்று சுற்றிக் காட்டினார். ஆளை மாற்று என்று அர்த்தம். மாஸ்டர் உடனே ஆள் மாற்றும் சீட்டை எழுதிக் கோட்டோரத்தில் நிற்கும் நடுவரிடம் கொடுத்தார். பதிலுக்கு இறங்க வேண்டியவர் மேல்சட்டையைக் கழற்றினார். அவர் பருவம் முழுக்க ஒரே ஒரு ஆட்டம் ஆடியவர், அதில் மூன்று கோல் வாங்கினோம்.

இதை நான் மேல்மாடத்திலிருந்து கண்ணால் பார்த்தேன். அதன் பிறகு மாப்பிள்ளையிடம் கழிவறைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். ஆட்ட நேரத்தில் முதலாளி பெஞ்சுப் பக்கம் போகக்கூடாது என்பது கால்பந்துச் சங்கத்தின் விதி, முன்பே ஒருமுறை எனக்கு எச்சரிக்கை வந்திருக்கிறது. அதனால் உடை மாற்றும் அறையில் தொங்கிய சாமான்காரரின் மழைக்கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு தொப்பியை இழுத்து மூடினேன். அணியின் ஜெர்சி, பந்து எல்லாவற்றுக்கும் பொறுப்பானவரை நாங்கள் சாமான்காரர் என்போம். அவர் அங்கேதான் இருந்தார். "முதலாளி, வேணாம், மாட்டுனா சங்கத்துல என் மைதான கார்டைப் பிடுங்கிடுவாங்க" என்றார். வாயை மூடு என்றேன். பட்டன்களை அவரே போட்டுவிட்டார். அந்தக் கோட்டை இன்று ஒப்படைத்திருக்கிறேன்.

அதன் பிறகு பெஞ்சின் பின்பக்கம் போய் மாஸ்டரின் முதுகுக்குப் பின்னால் நின்று, "பூட்டை எடுக்காதீங்க" என்றேன். அவர் திரும்பாமலே குரலைக் கண்டுகொண்டார்.

"முதலாளி, பிசியோ கண்டிப்பா வேணாங்கறாங்க. அவனுக்கு என்ன தேதின்னே தெரியல."

"எனக்கும்தான் தெரியாது. இருபத்தஞ்சு நிமிஷம் நிக்கட்டும்."

"அடி தலையில முதலாளி, காலுல இல்ல."

நான் அதன் பிறகு சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதக் கேட்டுக்கொள்கிறேன். "ஏழு மேட்ச் தோத்தப்ப ஊரே உங்கள வேணாம்னுச்சு. நான் கேட்டேனா?"

மாஸ்டர் அப்போதுதான் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். அதன் பிறகு கோட்டோரம் போய், நடுவரிடம் ஏதோ சொல்லிச் சீட்டைத் திரும்ப வாங்கி நான்காய் மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். பிசியோ அம்மா ஓடிவந்து சத்தம் போட்டார். "பத்து நிமிஷம் பாக்கலாம்மா, என் பொறுப்பு" என்று மாஸ்டர் சொன்னார். அந்த அம்மா தன் வாக்குமூலத்தில் மாஸ்டர்தான் தடுத்தார் என்று கூறியிருப்பதாகத் தெரிகிறது. அவர் பார்த்தது அவ்வளவுதான். மழைக்கோட்டு போட்ட ஆளை அவர் சாமான்காரர் என்றே நினைத்திருப்பார்.

நான் மேலே திரும்பிப் போகாமல் அங்கேயே நின்றேன். எண்பதாவது நிமிடம் வாக்கில் பூட்டு தண்ணீர் குடிக்கப் பெஞ்சுப் பக்கம் வந்தார். பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, "மாஸ்டர், நாம எந்தப் பக்கம் அடிக்கிறோம்?" என்று கேட்டார். அவர் எப்போதும் கிண்டல் பேசுகிறவர், அதனால் மாற்று ஆட்டக்காரர்கள் எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர், "எந்தப் பக்கம் அடிச்சாலும் நீ அடிக்கப்போறதில்ல, போ" என்றார். நானும் சிரித்தேன். அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்று அவர் கண்ணைப் பார்த்த எனக்குத் தெரிந்தது. மாஸ்டர் சிரிக்கவில்லை. பையில் கைவிட்டுச் சீட்டை வெளியே எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். நான் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று.

ஆட்டம் ஒன்றுக்குப் பூஜ்யம் என்று முடிந்தது. கூட்டம் மைதானத்துக்குள் இறங்கி ஆடியது. அதன் பிறகு உடை மாற்றும் அறையில் பூட்டு ஒரு காலில் ஷூவோடும் மறுகாலில் வெறும் பாதத்தோடும் உட்கார்ந்து, இல்லாத ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். சுற்றிலும் பாட்டு, தண்ணீரை வாரி அடித்து விளையாட்டு. இரண்டு முறை வாந்தி எடுத்தார், அதன் பிறகு பக்கவாட்டில் சாய்ந்தார்.

ஆஸ்பத்திரியில் மண்டைக்குள் ரத்தம் கட்டியிருப்பதாகச் சொல்லி, ஐந்தரை மணிக்கு அறுவைக்குக் கொண்டுபோனார்கள். பூட்டின் மனைவி வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "நீங்க கூட இருக்கீங்கள்ல, அதான் அண்ணே எனக்குத் தைரியம்" என்றார். என் கையை விடுவித்துக்கொள்ள எனக்குத் தெரியவில்லை. அந்த அம்மா உள்ளே போன பிறகு மாஸ்டர் என் பக்கத்தில் வந்து நின்றார். "நீங்க கீழ வரவே இல்ல. எல்லாம் நான் பாத்துக்கறேன். என்கூட நீங்க நின்னீங்க, இப்ப நான் நிக்கிறேன்" என்றார். கார் சாவியைத் தேடுவதுபோல் சட்டைப்பையைத் தடவினேன். மறுநாள் காலை பூட்டின் அண்ணன் கொடுத்த புகாரின்பேரில் மாஸ்டரை அழைத்துப்போனார்கள். தான் ஒருவர் எடுத்த முடிவு என்று அவர் எழுதிக் கொடுத்ததை டிவியில் சொன்னார்கள்.

அதன் பிறகு இரண்டு நாட்கள் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. வாசலில் வண்டி நின்றாலே மாடிக்கு ஏறிவிடுவேன். வக்கீல் வந்து, உங்களைக் கீழே பார்த்தவர்கள் இருவர், ஒருவர் உள்ளே இருக்கிறார், இன்னொருவர் உங்கள் சம்பளத்தில் இருக்கிறார், பேசாமல் இருந்தால் போதும் என்றார். மாப்பிள்ளை ஓர் அறிக்கை தயார் செய்து கொண்டுவந்தார். பயிற்சியாளர் தன்னிச்சையாக நடந்துகொண்டார், அவரை நீக்கிவிட்டோம் என்று அதில் இருந்தது. நேற்றுக் காலை கடையில் அதில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தேன். அந்தச் சமயம் மாஸ்டரின் மனைவி உள்ளே வந்தார். அறிக்கையைக் குப்புறக் கவிழ்த்து வைத்தேன்.

அந்த அம்மா உட்காரவில்லை. "அண்ணே, அவர் பண்ணது பெரிய தப்பு. அந்தப் பையன் பொண்டாட்டி முகத்துல நான் எப்படி முழிப்பேன்னு தெரியல. ஆனா ஏழு மேட்ச் தோத்தப்பவே கைவிடல நீங்க. இப்பவும் விட்டுடாதீங்கண்ணே" என்றார். தன் வீட்டுக்காரியிடம்கூட மாஸ்டர் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் போன பிறகு பேனாவை மூடினேன். சிறைக்குப் பயந்தேன், ஊருக்குப் பயந்தேன், பூட்டு கண் திறந்தால் என்ன கேட்பாரோ என்று பயந்தேன். இந்த நிமிடம்வரை அவர் கண் திறக்கவில்லை. ஆனால் மாஸ்டர் எனக்காக எதையும் செய்வார் என்பதுதான் எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது. இன்று காலை கடை திறக்கும்முன் நேராக இங்கே வந்தேன்.

இதை மாஸ்டருக்கு வாசித்துக் காட்டினால் இல்லை என்று மறுப்பார், முதலாளி என்னைக் காப்பாற்றப் பொய் சொல்கிறார் என்பார். அதை நம்பவேண்டாம். எங்கள் இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்துக் கேட்கலாமா என்று அதிகாரி கேட்டார். அது வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பதில் சொல்லும்முன் அவர் என் முகத்தைத்தான் பார்ப்பார். அந்த நேரத்தில் என் முகம் அவரிடம் என்ன சொல்லும் என்று எனக்கே உறுதி இல்லை.

மேலே கண்டதை எனக்கு இருமுறை வாசித்துக் காட்டினார்கள். எழுதியிருப்பதெல்லாம் நான் சொன்னது, சொன்னதெல்லாம் நடந்தது.

(கையெழுத்து)
அணி உரிமையாளர்