ஐந்து கேள்விகளும் ஒரு கறுப்புக் கோட்டும்

அண்ணி: மெதுவா ஏறு. இன்னும் ஒரு மாடி இருக்கு. இப்பவே மூச்சு வாங்கினா மேல போயி கேள்விய யார் கேக்கறது?

கொழுந்தன்: மூச்சு வாங்கல அண்ணி, உற்சாகம்! ரெண்டு நாளா அலைஞ்சு நாலு பேர விசாரிச்சு எழுதிருக்கேன். வக்கீல வெக்கறதுக்கு முன்னாடி இந்த அஞ்சு கேள்வியையும் கேக்காதவன் அடிமுட்டாள்.

அண்ணி: எதுல எழுதினே? காட்டு... அடப்பாவி, இது டாக்டரம்மா ஜாக்கெட்டோட அளவுச் சீட்டு!

கொழுந்தன்: பின்பக்கம் சும்மாதானே இருந்துச்சு.

அண்ணி: கிழிச்சுடாதே. நோட்டீஸ் வந்து பதிமூணு நாள் ஆச்சு. இன்னும் ரெண்டே நாள்ல தையல் கடையக் காலி பண்ணணும்னு எழுதிருக்கான் கட்டடக்காரன். உங்கண்ணன் காலைலேர்ந்து ஊசில நூல் கோக்க முடியாம உக்காந்திருக்காரு.

கொழுந்தன்: அதான் பெரிய வக்கீலாப் பாப்போம்னேன். நீங்கதான் ஒத்தக் கால்ல நின்னீங்க, இவரத்தான் பாக்கணும்னு. கீழ போர்டப் பாத்தீங்களா? பாதி எழுத்து உதிர்ந்து கெடக்கு.

அண்ணி: வாய மூடு. கதவு திறக்குது.

வக்கீல்: வருக, வருக! அமருங்கள். தம்பி, அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும்... பரவாயில்லை, உட்கார்ந்துவிட்டீர்கள். நீதியின் கதவு எப்பொழுதும் திறந்தே...

கொழுந்தன்: சார், கதவு தானாச் சாத்திக்கிச்சு.

வக்கீல்: அதற்கு ஒரு செங்கல் வைக்க வேண்டும். சொல்லுங்கள், என்ன வழக்கு?

கொழுந்தன்: வழக்கு அப்புறம் சார். மொதல்ல உங்களக் கொஞ்சம் கேள்வி கேக்கணும்.

வக்கீல்: என்னையா? இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கேள்வி கேட்பது நான்!

அண்ணி: கோச்சுக்காதீங்க சார். நாங்க தையக்காரங்க. அளவு எடுக்காம கத்திரி வெக்கறதில்ல.

கொழுந்தன்: மொதல் கேள்வி! கை நீளம் பத்தரை, முன்கழுத்து ஏழு...

வக்கீல்: என்னது?

அண்ணி: திருப்பு. சீட்டைத் திருப்பு.

கொழுந்தன்: ஆங்... கடையக் காலி பண்ணச் சொல்ற கேஸு இதுவரைக்கும் எத்தன நடத்திருக்கீங்க?

வக்கீல்: எத்தனை என்றால்... கடலில் அலையை எண்ண முடியுமா, தம்பி?

அண்ணி: எண்ண வேணாம் சார். ஒரே ஒரு அலையச் சொல்லுங்க போதும்.

வக்கீல்: ...இரண்டாவது கேள்வி என்ன?

கொழுந்தன்: கோர்ட்ல நீங்களே வந்து பேசுவீங்களா? இல்ல ஜூனியர் யாரையாவது அனுப்பிட்டு நீங்க இங்கயே உக்காந்துப்பீங்களா?

வக்கீல்: நானே வருவேன்! நான் எழுந்து நின்றால் நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிடுவார்!

கொழுந்தன்: அடேங்கப்பா!

அண்ணி: ஏன் சார், எழுதிக்கற மாதிரி ஒண்ணும் இருக்காதா?

வக்கீல்: அம்மா... அது... ஒரு மரியாதைக்காக.

கொழுந்தன்: மூணாவது. கேஸ் எந்த நிலைமைல இருக்குன்னு கேட்டு போன் பண்ணா எடுப்பீங்களா?

வக்கீல்: இதோ இந்தத் தொலைபேசி இருக்கிறதே, காலை முதல் மாலை வரை அலறிக்கொண்டே இருக்கும்!

கொழுந்தன்: நாங்க வந்ததுலேர்ந்து கப்சிப்னு இருக்கே.

வக்கீல்: கட்சிக்காரர் எதிரில் இருக்கும்போது அது... ஒரு நிமிடம், என் கண்ணாடி உள்ளறையில் இருக்கிறது. எடுத்து வருகிறேன்.

கொழுந்தன்: அண்ணி, அண்ணி! ஆளு சிங்கம்! பேனாவக் கீழ வெச்சுடுவாராம் நீதிபதி!

அண்ணி: ஃபீஸ் எவ்வளவுன்னு கேள்வியே இல்லியே உன் சீட்டுல?

கொழுந்தன்: அது எல்லாரும் கேக்கறதுன்னு விட்டுட்டேன்.

அண்ணி: நல்லா விட்டே. சரி, சிங்கம் உள்ள போச்சே, முதுகப் பாத்தியா?

கொழுந்தன்: கோட்டு ஜம்முனுதானே இருக்கு?

அண்ணி: காலர் அகலத்தப் பாத்தா தைச்சு இருபது வருஷம் இருக்கும். பின்னாடி பிளவுல பாரு. விரியாம இருக்கறதுக்குக் குறுக்க ஒரு வெள்ளை நூல் போட்டுக் குடுப்போமே...

கொழுந்தன்: ஆமா, வாங்கினவங்க பிரிச்சுட்டுப் போடணும்... ஐயய்யோ! அந்த நூல் அப்படியே இருக்கா?

அண்ணி: நாலு நாள் போட்டு உக்காந்து எந்திரிச்சாலே அறுந்துடும். நம்ம காலடிச் சத்தம் கேட்டுத்தான் மாட்டிருக்காரு.

வக்கீல்: மன்னிக்க வேண்டும். எங்கே விட்டோம்?

அண்ணி: கோர்ட்ல சார். தப்பா நெனைக்காதீங்க... உங்க கோட்டுப் பின்னாடி தையக்காரர் போட்ட நூல் இன்னும் பிரிக்கல.

வக்கீல்: நூலா? எங்க... கை எட்டலியே...

அண்ணி: இதப் போட்டுக்கிட்டு எந்தக் கோர்ட்ல சார் எந்திரிச்சு நின்னீங்க?

கொழுந்தன்: சொல்லுங்க சார்! பேனாவக் கீழ வெச்ச நீதிபதி யாரு? பேரு, விலாசம்?

வக்கீல்: ...நான் எழுதுவேன்மா. பத்திரம், உயில், ஒப்பந்தம்... இருபத்திரெண்டு வருஷமும் எழுத்துதான். கோர்ட் வாசல் வரைக்கும் போவேன். உள்ள காலெடுத்து வெச்சா நாக்கு மேல ஒட்டிக்கும்.

கொழுந்தன்: எந்திரிங்க அண்ணி! ரெண்டு நாள்தான் இருக்கு, இங்க உக்காந்து என்ன பண்றோம்? போலாம்!

அண்ணி: உக்காரு.

கொழுந்தன்: இது ஆடற நாற்காலி!

அண்ணி: ஆடிக்கிட்டே உக்காரு. நாலாவது கேள்வியக் கேளு.

கொழுந்தன்: என்னத்தக் கேக்கறது... ஜெயிப்போமா, மாட்டோமா? உள்ளத உள்ளபடி சொல்லணும்.

வக்கீல்: அந்த நீலக் கவர்ல இருக்கற நோட்டீஸக் குடுங்க... ம்... ம்... வாடகை ஒப்பந்தம் கொண்டாந்தீங்களா?

அண்ணி: இதோ சார்.

வக்கீல்: ம்... இருங்க... இருங்க! ஏழாவது பத்தி! தம்பி, சத்தமாப் படி!

கொழுந்தன்: "கடையைக் காலி செய்யக் கோரினால் மூன்று மாதங்களுக்கு முன்..."

வக்கீல்: மூணு மாசம்! இவன் எத்தன நாள் குடுத்திருக்கான்?

கொழுந்தன்: பதினஞ்சு நாள்!

வக்கீல்: அதுலயும் காரணம்னு ஒரு வரி எழுதல பாருங்க! அய்யோ, இது நோட்டீஸே இல்லம்மா, ஓட்டைச் சல்லடை! இன்னிக்கே பதில் எழுதி அனுப்பறேன். நாளைக்கே தடை கேட்டு மனு. பேப்பர் எங்க... பேனா எங்க...

கொழுந்தன்: காதுல சொருகிருக்கீங்க சார்!

வக்கீல்: எழுதறேன் பாருங்க... "தங்களது அறிவிப்பு ஒப்பந்தத்தின் ஏழாம் பத்திக்கு நேர் முரணானது..." 

கொழுந்தன்: அண்ணி, இப்பதான் நெஜமாவே சிங்கம்!

அண்ணி: அஞ்சாவது பாக்கி இருக்கு.

கொழுந்தன்: அது சும்மா ஒப்புக்குத்தான் அண்ணி. சார், எதிர்க்கட்சிக்காரர், அதாவது அந்தக் கட்டடக்காரருக்கும் உங்களுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

வக்கீல்: கட்டடக்காரருக்கும் எனக்குமா?

கொழுந்தன்: அண்ணி, இவரு பேனாவக் கீழ வெச்சுட்டாரு!

வக்கீல்: அந்தக் கேள்விய யாரு தம்பி உனக்குச் சொல்லிக் குடுத்தது?

கொழுந்தன்: இருக்கா இல்லியா சார்? அவரோட ஆளா நீங்க?

வக்கீல்: ஆளா? நல்லாக் கேட்டே போ. இந்த மாடி அவரோடது. எனக்கும் இதே நீலக் கவர், அதே பதிமூணு நாள் முன்னாடி வந்துச்சு. இந்தா, டிராயர்ல பாரு.

கொழுந்தன்: பிரிக்கவே இல்லியே!

வக்கீல்: அடுத்தவங்க நோட்டீஸுன்னா ஒரே மூச்சுல ஓட்டை கண்டுபிடிச்சுடறேன். என் பேரு போட்ட கவர்னா கை வர மாட்டேங்குது. பதில் எழுதித் தரேன், எடுத்துட்டுப் போங்க. ஆனா கோர்ட்டுக்கு வேற ஆளப் பாருங்கம்மா. நானே யாரையாவது வெக்கலாமானு யோசிச்சிட்டிருக்கேன்... தம்பி, அந்த அஞ்சு கேள்விய நான் ஒரு காகிதத்துல எழுதிக்கட்டுமா?

கொழுந்தன்: அண்ணி, என்ன சிரிக்கறீங்க? மனுஷன் அழுதுடுவாரு போலிருக்கு!

அண்ணி: வேற ஆளு எதுக்கு சார்? போன வாரம் கட்டடக்காரரோட மேனேஜர் பேண்ட்டு இடுப்ப லூஸ் பண்ணக் குடுத்துட்டுப் போனாரு. பாக்கெட்ல ஒரு சீட்டு, யார் யாரைக் காலி பண்ணணும்னு. படிச்சுட்டு மடிச்சது மடிச்சபடியே உள்ள வெச்சுக் குடுத்துட்டேன். இவன்கிட்டச் சொல்லியிருந்தா தெருமுனை தாண்டறதுக்குள்ள ஊருக்கே தெரிஞ்சிருக்கும். மொதப் பேரு எங்க கடை, அடுத்த பேரு உங்க ஆபீஸு. மத்த வக்கீலுங்க எல்லாம் தோத்துட்டா வீட்டுக்குப் போயிடுவாங்க சார், நீங்க ஒருத்தர்தான் எங்களோட தெருவுல வந்து நிப்பீங்க. நாக்கு எப்படி ஒட்டிக்குதுன்னு நாளைக்குப் பாத்துடலாம்... நீங்க அந்தக் கவரப் பிரிங்க, கோட்டக் கழட்டி இப்படிக் குடுங்க, நான் நூலப் பிரிச்சுடறேன்.