பிரேக் அல்ல

டீ நன்றாக இருக்கிறது சார். உங்கள் ரைட்டரிடம் மட்டும் சொல்லுங்கள், 'பிரேக் ஜாம்' என்று எழுதியதை அடித்துவிடட்டும். பிரேக் ஒழுங்காகத்தான் இருந்தது. அதை மாட்டிக் கொடுத்த குற்றத்துக்காக ரேணிகுண்டா மெக்கானிக் ரமணாவைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறீர்களாம். அவனுக்காகப் பரிந்து பேச நான் வரவில்லை. தப்பான காரணத்தை எழுதி வைத்தால் எனக்குச் சோறு இறங்காது, அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரர் சாம்ராஜ் நல்ல மனுஷர். குடிக்க மாட்டார், கை ஓங்க மாட்டார், ஞாயிறு ஆராதனையைத் தவற விட மாட்டார். விளக்குவார். அது ஒன்றுதான். குவைத் பாலைவனத்தில் நாலு சக்கர பைக்குகளை வாடகைக்கு விடுகிற ஓர் இடத்தில் மெக்கானிக்காக இருந்தார். அங்கிருந்து போன் போட்டு, சித்தூரில் அடுப்பு முன்னால் நிற்கிற எனக்கு, ரசத்தில் எப்போது மிளகு போடவேண்டும் என்று விளக்குவார். ஐ.எஸ்.டி. என்பதால் சுருக்கமாக விளக்குவார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அதுதான் நல்ல காலம்.

திரும்பி வரும்போது, அரபிக்காரன் கழித்துப் போட்ட வண்டி ஒன்றைப் பிரித்து மரப்பெட்டியில் அடைத்துக் கப்பலேற்றினார். டூ ஸ்ட்ரோக் எஞ்சின், மணல்மேட்டில் பாய்கிற வண்டி. புத்தலப்பட்டுக்குப் பக்கத்தில் ரோட்டை ஒட்டிப் பட்டுப்போன மாந்தோப்பு ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து, கட்டைகளைப் பிடுங்கிவிட்டு வளைந்து வளைந்து பாதை போட்டோம். திருப்பதியில் முடி கொடுத்துத் திரும்புகிற குடும்பங்கள் காரை நிறுத்தி ஒரு சுற்று வருவார்கள். சந்தனம் பூசிய மொட்டைகள் புழுதி கிளப்பிக்கொண்டு பறப்பதைப் பார்த்தால், மலையில் நிற்கிறவருக்கே கீழே இறங்கி ஒரு சுற்று வரத் தோன்றும்.

டிக்கெட் கிழிப்பது என் வேலை. காலையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து கூலன்ட் ஊற்றுவதும் நான்தான். எஞ்சின் சூட்டை ஆற்றுகிற பச்சைத் தண்ணீர். தினமும் குறைந்தது. கீழே ஒரு சொட்டு ஈரமில்லை.

"எங்கமே போவுது? நீ ஒழுங்கா ஊத்தறியா?" என்று முதலில் என்னைத்தான் சந்தேகப்பட்டார்.

எங்கள் சபை ஐயர் வந்தபோது ரேடியேட்டர்மேல் கை வைத்து, சமாரியா ஸ்திரீக்கு ஜீவத்தண்ணீர் தந்த ஆண்டவர் இந்த வண்டியின் தாகத்தையும் தீர்க்கவேண்டும் என்று ஜெபித்தார். அப்போதுதான் ஓட்டி நிறுத்தியிருந்தோம், ரேடியேட்டர் கொதித்துக்கொண்டிருந்தது. ஜெபம் சீக்கிரம் முடிந்தது.

பிரேக் மாட்ட வந்த ரமணா, "ஹெட்டு தொறந்தா தெரிஞ்சிபூடும்ணா" என்றான். "குவைத்துல நான் பாக்காத ஹெட்டா?" என்றார் இவர்.

இதைக் கவனியுங்கள் சார், முக்கியம். தண்ணீர் மூன்று வழியில்தான் போகமுடியும். வெளியே போனால் குழாயிலோ ரேடியேட்டரிலோ ஈரம் தெரியும். தெரியவில்லை. கியர் ஆயிலில் கலந்தால் ஆயில் பால் காபி மாதிரி வெளுக்கும். வடித்துப் பார்த்தோம், வெளுக்கவில்லை. மிச்சம் சிலிண்டர். அதற்குள் போனால் புகை வெள்ளையாக வரும், இனிப்பு வாடை அடிக்கும். பிளக்கைக் கழற்றினால் கழுவி வைத்த மாதிரி இருக்கும். எங்கள் வண்டியில் மூன்றுமே இருந்தன. கடைசியில் சிலிண்டருக்கு மேல்மூடியான ஹெட்டைத் திறந்தார். ஹெட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவே ஓரிங் என்று ஒரு ரப்பர் வளையம். நசுங்கி, ஓரத்தில் வெட்டுப்பட்டிருந்தது. எஞ்சினே தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தது.

இதை எனக்கு விளக்கினார். மறுநாளும் விளக்கினார். அதற்கு மறுநாள், வாடிக்கைக்காரர்கள் முன்னால் என்னை எழுந்து நிற்கச் சொல்லி, "சொல்லு தபீதா, பொகை ஏன் வெள்ளையா வருது?" என்று கேட்டார். சரியாகச் சொன்னேன். "பரவால்ல, மண்டையில ஏறிக்கினு இருக்குது" என்றார். மொட்டைகளெல்லாம் சிரித்தன.

சென்னையிலிருந்து புது ஓரிங் வந்தது. எஞ்சின்மேல் குனிந்தபடியே பின்பக்கம் கையை நீட்டினார். ஆளைப் பார்க்காமல் கை நீட்டுவது அவர் வழக்கம். தட்டில் புதுசும் இருந்தது, பழசும் இருந்தது. நான் பழசைத் துடைத்து கிரீஸ் தடவிக் கொடுத்தேன்.

"கிரீசு போட்டியா?"

"போட்டேங்க."

"ஏன் போடணும்?"

"நழுவாம ஒக்காரத்தாங்க."

"ஆங்" என்று மாட்டினார். புதுசை முந்தானையில் முடிந்துகொண்டேன். இதோ, உங்கள் மேஜைமேல் வைத்திருக்கிறேன்.

கோபத்தில் செய்தது என்று எழுதவேண்டாம். எனக்குக் கோபம் வராது. முடித்துக் கையைக் கழுவியதும், "இனிமே தண்ணி ஊத்தாத, மூடியே தொறக்காத" என்றார். கீழ்ப்படிவேன் என்று ஆலயத்தில் வாக்குக் கொடுத்தவள் நான். ஊற்றவில்லை, திறக்கவில்லை.

எதையும் மறைக்கவும் இல்லை. "இன்னாங்க, பொகை வெள்ளையா வருதே" என்று நானே சொன்னேன். "புது ரிங்கு. செட்டாவுற வரிக்கும் அப்டித்தான் வந்துகினு இருக்கும். உனக்கு இன்னா தெரியும்" என்று ஆரம்பித்தவர், நான் உலை வைத்து வடித்து இறக்கும்வரை விளக்கினார்.

கடைசி நாள் மதியம் புதுசாகக் கல்யாணமான இரண்டு பேர் வந்தார்கள். அந்தப் பெண் கையில் மருதாணி சிவப்பு மாறவில்லை. அவர்களுக்கும் டிக்கெட் கிழித்துக் கொடுத்து, கெட்டியாகப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். அவர்கள் இறங்கும்வரை எஞ்சின் தாங்கியது. தாங்காமல் போயிருந்தால் என்னைக் கேட்டு என்ன பயன்? மூடியைத் திறக்கக் கூடாது என்பது அவர் உத்தரவு.

சாயங்காலம் அவரே வண்டியை எடுத்துக்கொண்டு மேட்டில் ஏறினார். இறக்கத்தில் வேகமாக வந்தார். தண்ணீர் வற்றிய எஞ்சினில் பிஸ்டன் சூட்டில் ஊதி இறுகிவிடும். அது இறுகினால் செயின் நிற்கும், பின்சக்கரம் இரண்டும் ஒரேயடியாகப் பிடித்துக்கொள்ளும். மண்ணில் டயர் இழுத்த கோட்டைப் பார்த்துத்தான் நீங்கள் பிரேக் என்று முடிவு கட்டிவிட்டீர்கள். தப்பு. வண்டி புரண்டு அவர்மேல் விழுந்தது.

ஓடிப்போய்ப் பார்த்தேன். மூச்சு இருந்தது. "இன்னா ஆச்சு?" என்றார்.

இத்தனை வருஷத்தில், தனக்கு விடை தெரியாத ஒரு கேள்வியை அவர் என்னிடம் கேட்டது அன்றுதான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, தட்டில் இருந்த பழைய ஓரிங்கிலிருந்து ஆரம்பித்து, நிதானமாக விளக்கினேன். பிஸ்டன் வரை வருவதற்குள் போய்விட்டார். நான் பாதியில் நிறுத்தவில்லை, முடித்தேன். அப்புறம்தான் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன்.

இவ்வளவுதான் விஷயம். அவர் மாதிரி வளவளவென்று இழுக்க எனக்கு வராது. ஏன் சார் எழுந்துவிட்டீர்கள்? ரைட்டர் என்ன எழுதியிருக்கிறார் பாருங்கள், 'ஆயில் சீல்' என்று. ஆயில் சீல் வேறு, ஓரிங் வேறு. உட்காருங்கள், முதலிலிருந்து சொல்கிறேன்.