வடக்கே வைத்த தலை

மாலையின் கனத்தையும் புகழின் கனத்தையும் ஒருங்கே தாங்கி வீற்றிருக்கும் மருத்துவமனைக் குழுத் தலைவர் அவர்களே! கத்திக்கு அதிபதியான பெரிய டாக்டர் அவர்களே! முன்வரிசையில் முகம் மலர்ந்திருக்கும் பெரியோர்களே! பந்தலில் இடம் கிடைக்காமல் வெயிலில் நிற்கும் தாய்மார்களே! கடைசிக் கம்பத்தோரம் ஒதுங்கி நிற்கும் நர்ஸ் சேதுலட்சுமி அம்மா அவர்களே! அனைவருக்கும் சதக்கத்துல்லாவின் சலாம்.

ஜப்பானிலிருந்து ஒரு கடிதமும் ஒரு சுவர்க் கடிகாரமும் வந்திருக்கின்றன. அதை வாசித்துச் சொல்ல இந்த ஊரில் என்னை விட்டால் ஆளில்லை. பினாங்கை அவர்கள் ஆண்ட காலத்தில் அடித்துக் கற்றுக்கொடுத்த எழுத்து அது. குனிந்து வணங்க மறந்ததற்காக ஒரு சிப்பாய் அறைந்த கன்னம் இதோ! ஆகவே ஜப்பான்காரர்மேல் ஆசை கொண்டு பேசுகிறேன் என்று எவரும் எண்ண வேண்டாம்.

தனுஷ்கோடிக்கு அப்பால் போன சரக்குக் கப்பலிலிருந்து மொரிதா என்ற மாலுமியைக் குடல்வால் வெடித்த நிலையில் கொண்டுவந்தார்கள். பெரிய டாக்டர் அறுத்தார், தைத்தார். அருமையான தையல், அதில் குறை சொல்ல மாட்டேன். பிறகு நடந்ததுதான் கூத்து.

கண் விழித்த மனிதர் சன்னல் வழியே சூரியனைப் பார்த்தார். உடனே தலையணைப் பக்கம் காலை நீட்டிப் படுத்தார். நேராக்கினார்கள், மறுபடி திரும்பினார். தையல் கசிந்தது. "யுத்தத்துல புத்தி பேதலிச்ச பய. கட்டிப் போடுங்க!" என்றது அதிகாரம். கட்டினார்கள்! பிழைக்க வந்தவரைக் களவாணியைப் போலக் கட்டிலோடு கட்டினார்கள்! கத்தினாரா? இல்லை. திட்டினாரா? இல்லை. வலிக்கிறதா என்று சைகையில் கேட்டால் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து, 'சுகம்' என்று எழுதிவைத்தார்கள் நம் மேதைகள்! கஞ்சியை மட்டும் அவர் தொடவில்லை. மூன்றாம் நாள் காய்ச்சல் கொதித்தது.

சேதுலட்சுமி அம்மா சிரிப்பைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார். விரல்கள் விரிப்பைக் கசக்கிப் பிடித்திருந்தன. வார்டு ஆயா ராக்குவிடம் கேட்டார்:

"ஏக்கா, இவருக்குத் தலை எந்தத் திக்குல இருக்கு?"

"வடக்கதான் தாயி. இங்கன எல்லாக் கட்டிலும் அப்படித்தான். நம்ம சனம்னா தலகாணிய மாத்திப் போட்டுக்கிரும்."

"இவரு எப்படி மாத்துவாரு? நாமதான் கட்டி வச்சிருக்கோமே! புடிக்கா, திருப்புவோம்."

கட்டை அவிழ்த்தார்கள், கட்டிலைத் திருப்பினார்கள். மனிதர் படுத்தபடியே தலை தாழ்த்தினார். அரைக் கோப்பைக் கஞ்சி குடித்தார். அதுவரை என்னைக் கூப்பிட எவருக்கும் தோன்றவில்லை. அன்று மாலை அம்மாதான் என்னை அழைத்து, காரணம் கேட்கச் சொன்னார்.

"எங்கள் நாட்டில் பிணத்தைத்தான் வடக்கே தலைவைத்துக் கிடத்துவோம். நான் பிழைக்க மாட்டேன் என்று முடிவு செய்துவிட்டீர்கள் என நினைத்தேன்" என்றார்.

"வாய் திறந்து சொல்லியிருக்கலாமே ஐயா?"

"உயிரைக் காக்க உழைப்பவர்களிடம் குறை சொல்வதா?"

கேட்டீர்களா? யாரங்கே சிரிப்பது? நன்றாகச் சிரியுங்கள்! அந்த வார்டில் படுத்த நீங்கள் என்ன செய்தீர்கள்? டாக்டர் தலை மறைந்ததும் தலையணையைக் கால்மாட்டுக்கு மாற்றவில்லையா? எங்கள் மையித்தை எத்திசையில் தலைவைத்து அடக்குகிறோம்? வடக்கே! உங்கள் வீட்டில் உயிரோடிருப்பவரை வடக்கே தலைவைக்க விடுவீர்களா? மாட்டீர்கள்! நமக்கு இருந்தால் வழக்கம். அவருக்கு இருந்தால் பைத்தியமா?

சரி, கண்டுபிடித்த அம்மாவுக்கு என்ன பரிசு? உத்தரவின்றிக் கட்டிலை நகர்த்தினாராம்! வேலையை விட்டு நிறுத்தி இரண்டு மாதம் ஆகிறது. திங்கட்கிழமை நிரந்தரமாக நீக்கப் போகிறார்களாம். உயிரை மீட்டவருக்கு ஓலை; ஓலையில் கையெழுத்திட்டவருக்கு மாலை!

இப்போது கடிதம். குழுவுக்கு வந்த நன்றி என்று முரசறைந்தீர்களே, வாசிக்கிறேன்: "என் கட்டிலைத் திருப்பிய அம்மாவுக்கு இந்தக் கடிகாரம். நான் நடக்கிறேன். மொரிதா." அவ்வளவுதான். குழுவும் இல்லை, தலைவரும் இல்லை!

தலைவர் அவர்களே, ஒரே ஒரு கேள்வி. உங்கள் வீட்டுக் கட்டிலில் தலைமாடு எந்தத் திசை?



இந்தக் கடிகாரத்தை மாட்டக் குழு அறையில் ஆணி அடித்து வைத்திருக்கிறீர்கள். திங்கட்கிழமை அந்த உத்தரவைக் கிழித்து அதில் மாட்டுங்கள். கடிகாரத்தோடு நான் மேடையை விட்டு இறங்குகிறேன். கடைசிக் கம்பம் வரை வழிவிடுங்கள். கேட்டவர்களுக்கு நன்றி. கேளாததுபோல் அமர்ந்திருப்பவர்களுக்கும் நன்றி. வணக்கம்!